744க்கு 744

574, 170, 397, 347. முதல் இரண்டையும் கூட்டினால் 744. பின்னிரண்டையும் கூட்டினாலும் அதே 744. 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் போட்டியின் மொத்தக் கணக்கு இதுதான். ஐந்து நாள், 1488 ரன், வித்தியாசம் பூஜ்யம்.

அன்று திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டவைத்து வர்ணனை கேட்ட பள்ளிப் பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். அதிசயம் என்பார்கள். எனக்கும் அது அதிசயம்தான். ஆனால் இரண்டு கூட்டுத்தொகையும் சமமாக வந்தது நாம் நினைக்கிற அளவுக்கு விசித்திரமில்லை. அந்தச் சமத்துக்கு அடியில், ஒரு மனித உடலிலிருந்து வழிந்த வியர்வையிலும் ஒரு நடுவரின் காதை எட்டிய ஒலியிலும் நடந்தவைதான் என்னை இத்தனை வருடம் கழித்தும் யோசிக்கவைக்கின்றன.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியா முதலில் ஆடி 7 விக்கெட்டுக்கு 574 எடுத்து டிக்ளேர் செய்தது. டேவிட் பூன் 122, கேப்டன் ஆலன் பார்டர் 106, டீன் ஜோன்ஸ் 210. இந்தியா ஃபாலோ-ஆனைத் தவிர்க்குமா என்றிருந்த நேரத்தில் கபில்தேவ் 119 அடித்து, அணியை 397 வரை இழுத்துவந்தார். ஆஸ்திரேலியா இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட்டுக்கு 170 எடுத்திருந்தபோது, கடைசி நாள் ஆட்டம் முழுவதையும் இந்தியாவின் கையில் கொடுத்து பார்டர் மறுபடியும் டிக்ளேர் செய்தார். 87 ஓவரில் 348 ரன். அந்தக் காலத்தில் எந்த கேப்டனும் எளிதில் எடுக்கத் துணியாத முடிவு அது. கவாஸ்கர் 90 எடுத்தார், அமர்நாத் 51. மாலைக்குள் ஆட்டம் இந்தியாவின் பக்கம் சாய்ந்து, பிறகு கடகடவென விக்கெட்டுகள் விழுந்து, கடைசி ஓவர் தொடங்கும்போது இந்தியா 9 விக்கெட்டுக்கு 344. வேண்டியது 4 ரன்.

வீசியவர் கிரெக் மாத்யூஸ், ஆஃப் ஸ்பின்னர். எதிரே ரவி சாஸ்திரி. முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் ஒன்று. ஸ்கோர் சமம். இப்போது மட்டைக்கு வந்தவர் கடைசி ஆட்டக்காரர் மனிந்தர் சிங். நான்காவது பந்தைத் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. நடுவர் வி.விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்தது. இன்னும் ஒரே ஒரு பந்து மீதமிருக்க, ஆட்டம் டை.

டையும் டிராவும் வேறு வேறு என்பதைக் கிரிக்கெட் பார்க்காதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். ஸ்கோர் சமமாக இருந்து, ஆடுகிற அணியின் பத்து விக்கெட்டும் விழுந்திருந்தால்தான் டை. விக்கெட் மீதமிருக்க நேரம் முடிந்துவிட்டால் அது வெறும் டிராதான். 2011 நவம்பரில் மும்பையில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக, கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவை என்ற நிலையில் நம் அஸ்வின் ஒன்றை எடுத்துவிட்டு இரண்டாவதற்கு ஓடி ரன் அவுட் ஆனார். ஸ்கோர் சமம். ஆனால் இந்தியாவுக்கு இன்னும் ஒரு விக்கெட் கையில் இருந்தது. அதனால் டிரா. 1996ல் புலவாயோவில் இங்கிலாந்தும் ஜிம்பாப்வேயும் ஆடிய ஆட்டமும் இப்படித்தான் முடிந்தது.

1877ல் தொடங்கிய டெஸ்ட் கிரிக்கெட்டில் இதுவரை 2500க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடந்துவிட்டன. அவற்றில் டை ஆனவை இரண்டே இரண்டு. ஒன்று சேப்பாக்கம். அதற்கு முன்பு 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் ஆடியது. அங்கே இரு பக்கமும் 737. அங்கேயும் ஒரு பந்து மீதி. அந்த ஆட்டத்தில் ஆடிய பாப் சிம்ப்சன், சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலிய அணியின் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார்.

ஆயிரத்துக்கு ஒன்றைவிடக் குறைவு என்றால் மிக அபூர்வமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பூஜ்யத்தின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். டெஸ்டில் ஒரே ஒரு ரன்னில் வெற்றி எத்தனை முறை வந்திருக்கிறது? இரண்டு: 1993ல் அடிலெய்டு, 2023ல் வெலிங்டன். இரண்டு ரன்னில்? ஒன்று, 2005ல் எட்ஜ்பாஸ்டன். மூன்று ரன்னில்? இரண்டு: 1902ல் மான்செஸ்டர், 1982ல் மெல்பர்ன். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழுதினால் கிடைப்பது 2, 2, 1, 2. பூஜ்யத்துக்கென்று தனிச் சலுகையும் இல்லை, தனித் தண்டனையும் இல்லை.

இது தற்செயல் இல்லை. இரு அணிகளும் எடுக்கிற மொத்த ரன்களின் வித்தியாசம் எங்கெங்கோ போய் விழும். 1928ல் இங்கிலாந்து 675 ரன் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறது. ஐநூறு, அறுநூறு ரன் அகலத்துக்குப் பரவிக்கிடக்கும் ஒரு மேட்டில், பூஜ்யத்தை ஒட்டிய நான்கைந்து ரன் என்பது மிகச் சிறிய துண்டு. அத்தனை சிறிய துண்டுக்குள் மேட்டின் உயரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆகவே நான்கு ரன்னில் ஜெயிக்க என்ன வாய்ப்போ அதே வாய்ப்புதான் சமமாக முடிவதற்கும். புள்ளியியல் படித்தவர்களுக்கு இது எளிய விஷயம். ஆனாலும் மனம் இதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. மூன்று ரன் வெற்றியை மறந்துவிடுகிறோம், சமத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோம். பெயர் வைத்த எண் நினைவில் நிற்கிறது.

பூஜ்யம் எதேச்சையாக விழக்கூடிய எண்தான். ஆனால் அந்த 744களை ஒருவர் உடலால் கட்ட வேண்டியிருந்தது.

டீன் ஜோன்ஸுக்கு அது மூன்றாவது டெஸ்ட். வயது 25. எட்டு மணி நேரத்துக்கும் மேல் மட்டையோடு நின்றார். 150ஐத் தாண்டிய பிறகு பந்துகளுக்கு நடுவே வாந்தி எடுத்தார். கைகால் பிடித்துக்கொண்டது. ஓட முடியாததால் நின்ற இடத்திலிருந்தே பவுண்டரிக்கு அடிக்கப் பார்த்தார். போய்விடலாமா என்று அவர் கேட்டபோது, பார்டர் உசுப்பேற்றி நிற்கவைத்தார் என்பது கிரிக்கெட் உலகம் முழுக்கத் தெரிந்த கதை. 210ல் சிவ்லால் யாதவ் அவரை பௌல்டு ஆக்கினார். அதன் பிறகு ஜோன்ஸ் போய்ச் சேர்ந்த இடம் மருத்துவமனை. நரம்பில் சலைன் ஏற்றினார்கள்.

சென்னையில் செப்டம்பரில் வெயில் 34, 35 டிகிரி அளவில்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் 40ஐத் தாண்டிப் பார்க்கிற திருச்சிக்காரர்கள் இதையெல்லாம் வெயில் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்படியிருக்க, ஒரு விளையாட்டு வீரரின் உடல் ஏன் இப்படிக் குலைந்தது?

பதில் ஸ்ரீரங்கத்து வீடுகளில் கோடையில் மணல்மேல் உட்கார்ந்திருக்கும் மண்பானைக்குள் இருக்கிறது. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து, வெளிச்சுவரில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. அக்னி நட்சத்திரத்தில் வறண்ட காற்று வீசும்போது பானைத் தண்ணீர் தொண்டைக்கு இதமாக இருக்கும். மழை இருட்டிக்கொண்டு புழுங்கும் நாளில் அதே பானை ஏமாற்றிவிடும். ஏனென்றால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, மேலும் நீரை ஏற்க அதற்கு இடம் குறைவு. மனிதத் தோல் செய்வதும் பானை செய்வதும் ஒன்றேதான்.

பானை எவ்வளவு குளிரலாம் என்பதற்கு ஓர் அடிமட்டம் உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, காற்றில் பிடித்தால் காட்டும் அளவு அது. ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 26. 34 டிகிரி வெயில், ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் சுமார் 29. முதலாவது திருச்சியின் கோடை நடுப்பகல். இரண்டாவது கடலோரச் சென்னையின் செப்டம்பர். வெப்பமானியில் ஆறு டிகிரி குறைவாக இருக்கும் ஊர், வியர்க்கும் உடலுக்கு மூன்று டிகிரி அதிகக் கொடுமையாகிவிடுகிறது. தோலின் வெப்பநிலை 35ஐ ஒட்டி இருக்கும். அந்த 35க்கும் ஈரக்குமிழ் அளவுக்கும் உள்ள இடைவெளிதான் உடல் தன் சூட்டைத் தள்ளிவிட மிஞ்சியிருக்கும் வாசல். இடைவெளி 9 டிகிரியிலிருந்து 6 ஆகச் சுருங்கினால் வாசலில் மூன்றில் ஒரு பங்கு அடைபட்டுப்போகிறது.

ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். மணிக்கு ஒரு லிட்டர் வியர்த்து அத்தனையும் ஆவியானால், ரன் ஓடுகிற மனிதனின் தசைகள் கிளப்பும் சூட்டைச் சமாளித்துவிடலாம். நிபந்தனை அந்த 'அத்தனையும்' என்ற சொல்லில் இருக்கிறது. சட்டையில் ஊறிச் சொட்டுகிற வியர்வை எந்த வெப்பத்தையும் எடுத்துப்போவதில்லை. நீரும் உப்பும் போனது மட்டும்தான் மிச்சம். உடலுக்கு இது தெரியாது. சூடு குறையவில்லையே என்று மேலும் வியர்க்கிறது. ரத்தத்தில் நீர் குறைகிறது. குறைந்த ரத்தத்தைத் தோலுக்கும் தசைக்கும் பங்கிட இதயம் வேகமாக அடிக்கிறது. குடலுக்குப் போக வேண்டிய ரத்தம் வெட்டப்படுகிறது. குடல் வேலைநிறுத்தம் செய்ய, குடித்தது வெளியே வருகிறது. வாய்வழி மூடிவிட்டதால்தான் ஜோன்ஸுக்கு நரம்புவழி தேவைப்பட்டது.

வாய்வழி திறந்திருக்கும்போதே செய்ய வேண்டியதை ஸ்ரீரங்கம் சித்திரைத் தேரன்று பார்க்கலாம். வடம் பிடிக்க வருகிற ஜனத்துக்கு வீதியோரப் பந்தல்களில் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். நீர்மோரில் உப்பு, பானகத்தில் வெல்லம். சிறுகுடலின் செல்களில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளிழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அவை உள்ளே போகும்போது நீரும் பின்தொடர்கிறது. வெறும் தண்ணீரைவிட உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் உடலில் நன்றாக ஒட்டுவதற்குக் காரணம் இதுதான். 1971ல் வங்கதேசப் போரின்போது, எல்லையோர போங்கான் அகதி முகாமில் காலரா பரவி சலைன் தீர்ந்துபோன நேரத்தில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

வெயிலுக்குப் பழகினால் சரியாகிவிடும் என்று சொல்வோம். ஓரளவுக்கு உண்மை. ஒன்றிரண்டு வாரத்தில் உடல் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்கிறது, வியர்வையில் உப்பையும் குறைத்துக்கொள்கிறது. ஆனால் காற்று ஏற்கிற அளவுக்கு மேல் எவ்வளவு வியர்த்தும் பயனில்லை. ஈரக்குமிழ் வெப்பநிலை 35ஐத் தொட்டால் ஆரோக்கியமான மனிதனும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010ல் கணித்தார்கள். பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது 31ஐ ஒட்டியே உடல் திணறத் தொடங்கியது. வயல்வேலையும் கட்டட வேலையும் நடக்கிற நம் ஊர்களில், வானிலைச் செய்தி சொல்பவர்கள் வெயில் அளவோடு இந்த அளவையும் சொன்னால் நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

இதே ஆட்டத்தின் கடைசி நாளில் மாத்யூஸ் முழுக்கைக் கம்பளி ஸ்வெட்டர் அணிந்து, கிட்டத்தட்ட 40 ஓவர் வீசினார். அவர் உடல் எப்படித் தாங்கியது என்பதைத் தனியாகவே ஆராயலாம். இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் அவருக்கு.

இனி அந்தக் கடைசிப் பந்து. தன் மட்டையில் பட்ட பிறகுதான் பந்து காலில் பட்டது என்று மனிந்தர் சிங் பின்னாளில் சொல்லிவந்தார். விக்ரம்ராஜு தன் தீர்ப்பில் உறுதியாக நின்றார். அவர் நடுவராக நின்ற கடைசி டெஸ்ட் அது. யார் சொன்னது சரி என்று தீர்ப்பெழுத நான் வரவில்லை. அந்தக் கணத்தில் ஒரு மனிதக் காதிடம் எதை எதிர்பார்த்தோம் என்பதைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

சுழற்பந்து தரையில் பட்டு எழுந்தபின் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மட்டை விளிம்புக்கும் கால்காப்புக்கும் நடுவே ஒரு சாண் அளவு, 20 சென்டிமீட்டர் இருந்தால், இரண்டு மோதலுக்கும் இடையே 10 மில்லி விநாடி. பத்து சென்டிமீட்டர்தான் என்றால் 5. அடுத்தடுத்து வரும் இரண்டு 'டிக்' ஒலிகளை, இரண்டு மூன்று மில்லி விநாடி இடைவெளி இருந்தாலே இரண்டு என்று காது கண்டுகொள்ளும். ஆனால் எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல சுமார் 20 மில்லி விநாடி வேண்டும் என்று 1959ல் இரா ஹிர்ஷ் என்ற ஆய்வாளர் அளந்து காட்டினார். பந்து முதலில் மட்டையில் பட்டிருந்தால் எல்.பி.டபிள்யூ. முறையில் அவுட் கொடுக்க முடியாது; கேள்வியே அந்த முன்பின்னில்தான் தொங்குகிறது. நடுவர் நம்பக்கூடியது ஒலியின் குணத்தைத்தான். மரத்தில் பட்டால் கணீர், பஞ்சு திணித்த காப்பில் பட்டால் மந்தம். அதையும் சுற்றி நிற்கும் வீரர்களின் கூச்சலையும் பல்லாயிரம் பேரின் இரைச்சலையும் தாண்டிக் கேட்க வேண்டும்.

மோதலின்போது பிறக்கும் அதிர்வைப் பற்றி ஆழமாக யோசித்தவர் ஒருவர் ஸ்ரீரங்கம் தீவிலேயே பிறந்திருக்கிறார். 1888 நவம்பர் 7ல் திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன். ஒளிச்சிதறலால் உலகப் புகழ் வருவதற்கு முன்பு, கல்கத்தாவில் அவர் ஒலியோடும் மோதலோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1918ல், இரண்டு உருண்டைகள் மிக மெதுவாக மோதுவதைப் புகைப்படத்தில் பிடித்து ஆராய்ந்தார். 1920ல், தகட்டின்மேல் குண்டு விழும்போது எவ்வளவு சக்தி தகட்டின் அதிர்வாகப் போய்விடுகிறது என்று கணக்கிட்டார். மிருதங்கத்தின் நாதம் ஏன் இனிமையாக இருக்கிறது என்று அவர் எழுதியதும் அதே 1920ல். மட்டையின் விளிம்பை உரசிய பந்து எழுப்பும் அந்தச் சிறு ஒலியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தொடுகை சுமார் ஒரு மில்லி விநாடி. அதற்குள் மரத்துக்குக் கைமாறிய அதிர்வு வெளியே வந்து ஒலியாகிறது.

அந்த ஒலி 20 மீட்டர் கடந்து நடுவரை எட்ட 57 மில்லி விநாடி ஆகும். ரேடியோ அலையோ ஒரே மில்லி விநாடியில் 300 கிலோமீட்டர் ஓடிவிடும். சேப்பாக்கத்திலிருந்து ஸ்ரீரங்கம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய அதே தூரம். ஸ்டம்பை ஒட்டி ஒரு மைக் இருந்து, அதன் ஒலி நேராக வானலையில் ஏறியிருந்தால், அங்கே அம்மா மண்டபப் படித்துறையில் டிரான்சிஸ்டரோடு உட்கார்ந்திருந்தவர் காதுக்கு அது நடுவரின் காதுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். இப்படிப்பட்ட மைக்கும், ஒலியலையைப் படத்தோடு ஒட்டிப் பார்க்கும் கருவியும் 1990களில் தொலைக்காட்சிக்கு வந்தன. தீர்ப்பை மறுபரிசீலிக்கும் முறை 2008ல் இந்திய-இலங்கைத் தொடரில்தான் முதன்முதலில் சோதிக்கப்பட்டது. 1986ல் விக்ரம்ராஜுவுக்கு இருந்தவை இரண்டு கண், இரண்டு காது.

ஆட்டநாயகன் விருதை ஜோன்ஸும் கபில்தேவும் பகிர்ந்துகொண்டார்கள். ஓராண்டு கழித்து, 1987 அக்டோபர் 9ல், அதே சேப்பாக்கத்தில் அதே இரு அணிகளும் உலகக்கோப்பையில் மோதின. ஜோன்ஸ் தூக்கி அடித்த ஒரு பந்துக்கு முதலில் நான்கு ரன் கொடுக்கப்பட்டது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டித்தான் விழுந்தது என்று ஆஸ்திரேலியர்கள் வாதாட, இன்னிங்ஸ் இடைவேளையில் கபில்தேவ் சம்மதித்து அதை ஆறாகத் திருத்தினார்கள். 268 என்று இருந்தது 270 ஆனது. இந்தியா 269க்கு ஆட்டமிழந்து ஒரு ரன்னில் தோற்றது. கடைசி விக்கெட் மனிந்தர் சிங், மீதமிருந்தது ஒரு பந்து.